பழுப்புக் கண்களும் ஒரு குருத்தோலையும்

நெல்லைப் பக்கம் ஞாயிறு பள்ளிக்குப் போனவர்களில் பலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். அயர்லாந்தில் ஒரு சின்னப் பெண். அம்மாவுக்கு நீலக் கண்கள், இவளுக்குப் பழுப்பு. கேட்டால் ஆண்டவர் கொடுப்பார் என்று நம்பி, ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுத் தூங்கினாள். காலையில் கண்ணாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால்... அதே பழுப்பு! அவர்தான் பின்னாளில் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் (1867-1951). சேலை கட்டி, தோலில் காப்பி நிறம் பூசி, இந்தியப் பெண்போல நடமாட அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது. ஆகவே 'இல்லை' என்பதும் ஆண்டவரின் பதில்தான் என்று கதையை முடிப்பார்கள்.

நல்ல கதைதான். ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். பல வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்துக் காரணம் சொல்வது சுலபம். நீலக் கண் கிடைத்திருந்தால் அதையே சாட்சியாகச் சொல்லியிருப்போம். பூ விழுந்தாலும் ஜெயம், தலை விழுந்தாலும் ஜெயம் என்றால் அப்புறம் எதற்குச் சுண்டிப் பார்க்க வேண்டும்?

நான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் இந்த பெங்களூருக்கும் ஏமிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1895 நவம்பரில் சென்னையில் வந்திறங்கியவர், டெங்குக் காய்ச்சலோடு வந்து சேர்ந்தது இங்கிருந்த செனானா மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான். அன்றைய கண்டோன்மென்டில் தமிழர்கள் ஏராளம். அவர் படிக்க ஆரம்பித்ததும் தமிழைத்தான். மறு வருஷக் கடைசியில் தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியை நம்பித் திருநெல்வேலிக்குப் போனார். நாங்கள் பிழைப்புக்கு அங்கிருந்து இங்கே வந்தோம், அவர் இங்கிருந்து அங்கே போனார்!

1901ல் கோவிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி அவரிடம் ஓடிவந்ததில் தொடங்கியது டோனாவூர் குழந்தைகள் இல்லம். யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஜெபம் மட்டும்தான் என்பது அங்கே சட்டம். ஏமியின் புத்தகங்கள் கடல் தாண்டிப் போய் ஆயிரக்கணக்கான வீடுகளில் வாசிக்கப்பட்டனவே, அதுவும் ஒருவகையில் கேட்பதுதானே என்று சந்தேகப்படுகிறவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஆனால் என்னை நிறுத்தி வைப்பது வேறொரு சம்பவம். பொன்னம்மாள் ஒரு இளம் விதவை. ஏமியின் வலது கை. 1912ல் வாக்கர் திடீரென்று இறந்துபோனார். அடுத்து பொன்னம்மாளுக்குப் புற்றுநோய். பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சேலை உடுத்திக் கட்டிலைச் சுற்றி நின்று, சுகம் கேட்டு ஜெபித்தார்கள். வெற்றியின் அடையாளமாக ஒரு குருத்தோலையைப் படுக்கையின் குறுக்கே வைத்தார்கள். அன்றிலிருந்து நோய் மோசமானது. வலி கூடியது. 1915 ஆகஸ்டில் அவர் இறந்தார். ஏமி இதை மறைக்கவில்லை. பொன்னம்மாளின் வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

2006ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 6 ஆஸ்பத்திரிகள், பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 நோயாளிகள். தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்களில், ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. நிச்சயமாக ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்டவர்களிலோ 59! ஜெபத்தை மருந்துபோல அளந்தால் கணக்கு இப்படித்தான் வருகிறது.

அந்தக் கணக்குப்படி பொன்னம்மாளின் அறையில் நடந்ததும் தோல்விதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஓலையை வைத்தது பதில் வருவதற்கு முன்னால். சுகம் வந்தாலும் வராவிட்டாலும் என்று சொல்லித்தான் வைத்தார்கள். நீலக் கண் கதையில் விளக்கம் பிற்பாடு வருகிறது. இங்கே விளக்கமே இல்லை. 'அப்படியானால் சுகத்தைக் கேட்டிருக்கவே வேண்டாமே?' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. அவர்கள் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, உயிரைக் கொடுத்துக் கேட்டார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

1931ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்த ஏமி, கடைசி இருபது வருஷங்களைப் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழித்தார். அவருக்காகவும் ஜெபித்தவர்கள் எத்தனையோ பேர். கல்லறையில் பெயர்க்கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும்.

ஞாயிறு பள்ளியில் பழுப்புக் கண் கதையைச் சொல்லும்போது கூடவே பொன்னம்மாள் கதையையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் அந்த வகுப்பில், ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவுக்காக ஜெபித்து, அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பிள்ளையும் இருக்கலாம். அதனிடம் போய் "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்கிற பெரியவர்கள் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். டோனாவூரில் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற பெண்களைவிட யாருக்கு விசுவாசம் அதிகம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.