மச்சமா, புற்றா?

தோலில் தோன்றும் கரும்புள்ளிகளிற் பெரும்பாலானவை தீங்கற்ற மச்சங்களே. ஆயின், சில மெலனோமா என்னும் கொடிய புற்றின் தொடக்கமாகும். தொடக்கத்திலேயே அகற்றினால் நோயாளி பெரும்பாலும் பிழைப்பார். தாழ்த்தினால் நோய் உடலெங்கும் பரவும். இரண்டையும் வெறுங்கண்ணாற் பிரித்தறிதல் அரிது. தோலின் மேற்பரப்பு ஒளியைத் திருப்பியனுப்பி, உள்ளமைப்பை மறைத்துவிடுகிறது. எண்ணெய்த் துளியிட்டுக் கண்ணாடியை அழுத்தினால் அப்பளபளப்பு அடங்கும். உருப்பெருக்கியில் உள்ளிருக்கும் நிறவலை புலனாகும்.

தோலை உருப்பெருக்கி ஆராய்வதற்கு 1920ஆம் ஆண்டையொட்டி மியூனிக் நகரின் யோகான் சாஃபியர் 'டெர்மட்டாஸ்கோப்பி' எனப் பெயரிட்டார். அறுவைக்கு முன்பே புற்றை இனங்காண அது உதவுமென்று 1971இல் கிளாஸ்கோ நகரின் ரோனா மெக்கி எடுத்துரைத்தார். 1987இல் வியன்னா மருத்துவர்கள் அவ்வுருவங்களைப் படித்தறியும் முறையை வகுத்தனர். கருவி முன்னே வந்தது. அதைப் படிக்கும் கல்வி பின்னரே வந்தது.

பொறிக்கும் இது பொருந்தும். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,29,450 படங்களைக் கொண்டு கணிப்பொறியைப் பயிற்றினர். அது 21 தோல் மருத்துவர்களுக்கு நிகராக நோயறிந்தது. ஆனால் இத்தகைய பொறிகள் கருநிறத் தோலில் தடுமாறுவதை 2022இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. கருந்தோலின் படங்கள் அவற்றுக்குப் போதிய அளவு காட்டப்படாமை முதன்மையான காரணமென நான் கருதுகிறேன். கருநிறத்தோர்க்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் தோன்றும். நாளை பொறிக்குக் கற்பிக்கப்போகும் மாணவர்கள் அவ்விடங்களை மறவாதிருப்பார்களாக.