மணியும் பனியும்

மேற்கு நாடுகளில் டிசம்பர் பிறந்தால் சிறப்புப் பள்ளிகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் குளிர்கால இசை வகுப்பு களைகட்டிவிடும். கிண்ணத்தில் பனிக்கட்டி, மேசையில் வெள்ளைப் பஞ்சு, கசக்கினால் சரசரக்கும் வெள்ளித்தாள், மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு சலங்கைப் பட்டை. பேச்சு வராதவர், பார்வையற்றவர், ஆட்டிசம் உள்ளவர் என எல்லோரும் தொட்டும் குலுக்கியும் பாட்டில் சேர்ந்துகொள்கிறார்கள். இதைப் பண்டிகைக்கால அலங்காரம் என்று ஒதுக்குவோர் உண்டு. 1970-களில் நெதர்லாந்தில் பிறந்த புதுமை என்போரும் உண்டு. என் கணக்கில் இதன் வேர் இருநூறு ஆண்டுக்கும் மேல் பழையது. மணியும் பனியும் பாரிஸில் ஒரே சிறுவனிடம் வந்து சேர்ந்தன. ஆனால் மணி வகுப்பறைக்குள் இருந்தது, பனி தோட்டத்தில் கிடந்தது. இடையில் இருந்த கதவு திறக்க நூற்றைம்பது ஆண்டு பிடித்தது.

1800 ஜனவரிக் குளிரில் தென் பிரான்சின் அவெரோன் பகுதியில், காட்டில் தனியே திரிந்த ஒரு சிறுவன் ஊருக்குள் வந்து சேர்ந்தான். வயது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கலாம். பேச்சு இல்லை. பாரிஸ் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவர் ழான் இதார் அவனுக்கு விக்தோர் என்று பெயரிட்டுப் பயிற்சி தந்தார். துப்பாக்கி வெடித்தாலும் அசையாத அந்தப் பையன், அக்ரூட் கொட்டை உடையும் சிறு சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தான். காதில் கோளாறு இல்லை, அவனுக்கு வேண்டிய ஒலி வேறு என்று இதார் புரிந்துகொண்டார். 1801-ல் வந்த அவரது முதல் அறிக்கையில் பனி வருகிறது. இரவெல்லாம் பனி கொட்டிய ஒரு காலையில் விக்தோர் கண் விழித்ததும் கூவுகிறான், ஜன்னலுக்கும் கதவுக்குமாக ஓடுகிறான், அரைகுறை உடையோடு தோட்டத்துக்குப் பாய்ந்து பனியில் புரள்கிறான், அதை அள்ளி அள்ளித் தின்கிறான். 1806-ல் எழுதிய இரண்டாம் அறிக்கையில் மணி. பையனின் கண்ணைக் கட்டிவிட்டு இதார் மணியை அடித்தால் அவனும் மணியை அடிக்க வேண்டும், முரசை அடித்தால் முரசை. அது நன்றாகவே நடந்தது. பிறகு உயிரெழுத்துகளின் ஒலியைப் பிரித்தறியும் பாடம் வந்தது. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு விரலை நீட்ட வேண்டும். விக்தோருக்கு அது விளையாட்டாகிவிட்டது. சிரித்துச் சிரித்து எல்லா விரலையும் நீட்டினான். பொறுமையிழந்த இதார் முரசுக் குச்சியால் விரலில் தட்டினார். கண்கட்டுக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்தது. அதன்பின் அவனை அச்சம் பற்றிக்கொள்ள, செவிப் பயிற்சியையே கைவிட வேண்டியதாயிற்று.

இதாரைக் குறை சொல்வது சுலபம், அது நியாயமும் ஆகாது. அவர் நோக்கம் பேச்சைக் கொண்டுவருவது. அதற்குப் பிரித்துக் கேட்கும் காது வேண்டும். தம் தோல்வியை மறைக்காமல் எழுதியவரும் அவர்தான். அப்படி எழுதாமல் போயிருந்தால் இந்த வாதத்துக்கே ஆதாரம் இருந்திராது. ஆனாலும் அவர் தாளிலேயே இரண்டும் கிடக்கின்றன: ஆனந்தம் இருந்தவரை பாடம் நடந்தது, ஆனந்தம் போனதும் பாடமும் போயிற்று. அவர் வழிவந்த எதுவார் செகான் புலன்வழிக் கல்வியை ஒரு முறையாகவே வளர்த்தார். இருவரையும் ஊன்றிப் படித்த மரியா மாண்டிசோரி, பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து ஒலியில் மட்டும் வேறுபடும் மணிகளைக் குழந்தைகள் கையில் கொடுத்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அவர். ஆக, இந்த மரபின் ஒரு கிளை நம் மலைவரை ஏறியிருக்கிறது. அவர் வகுப்பில் குச்சி இல்லை, பிழையைக் குழந்தையே கண்டுகொள்ளலாம். என்றாலும் மணியின் வேலை இன்னும் ஒலியைப் பிரித்தறிவதுதான்.

கதவு திறந்தது 1959-ல் என்பேன். அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் சிறப்பாசிரியர் கிளைவ் ராபின்ஸும் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் சன்ஃபீல்டு இல்லத்தில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். குழந்தை அலறினால் அந்த அலறலின் சுருதியைப் பியானோ பிடித்துக்கொள்ளும், முரசைத் தாறுமாறாக அடித்தால் அந்த அடியைச் சுற்றி இசை எழும். இதார் அடித்ததைப் பையன் திருப்பி அடிக்க வேண்டியிருந்தது. இங்கே குழந்தை அடித்ததைப் பெரியவர் திருப்பி வாசிக்கிறார். இருபது ஆண்டுக்குள் நெதர்லாந்தின் எடே அருகே ஹார்டென்பெர்க் இல்லத்தில் பணியாற்றிய ஹுல்செக்கும் வெர்ஹூலும் ஒளி, மணம், ஒலி, தொடுகை நிறைந்த அறைகளை அமைத்து ‘ஸ்னூசலன்’ என்று பெயர் வைத்தார்கள். மோந்து திரிவதையும் கண்ணயர்வதையும் குறிக்கும் இரு டச்சுச் சொற்களை ஒட்டிய பெயர் அது. தோட்டத்துப் பனி வீட்டுக்குள் வந்துவிட்டது.

இதனால் நோய் தீருகிறதா என்று கேட்பார்கள். மறதிநோய் உள்ளவர்களுக்கு ஸ்னூசலன் பயன்படுகிறதா என்று 2002-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு, போதிய சான்று இல்லை என்றுதான் சொன்னது. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஸ்னூசலனைத் தொடங்கியவர்கள் அதை ஓய்வுநேர இன்பமாகவே முதலில் பார்த்தார்கள், மருந்தாக இல்லை. கோயில் திருவிழா ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதா என்று அளந்து பார்த்தா தேர் இழுக்கிறோம்?

இன்னொரு மறுப்பு கனமானது: நாற்பது வயதுக்காரரிடம் பஞ்சையும் சலங்கையையும் நீட்டுவது அவரைக் குழந்தையாக்குவதில்லையா? பஞ்சைப் பற்றி எனக்கும் சந்தேகம் உண்டு. சலங்கையின் கதை வேறு. பனிமேல் சறுக்கிப் போகும் வண்டிக்குச் சக்கரச் சத்தம் கிடையாது. எதிரே வருபவருக்கு எச்சரிக்கையாகக் குதிரைக்குச் சலங்கை கட்டினார்கள், நம் மாட்டுக் கழுத்து மணி போல. மூடிய உலோகக் குமிழுக்குள் ஒரு சிறு குண்டு, அவ்வளவுதான். குச்சி பிடிக்கத் தெரிய வேண்டாம், குறி பார்த்து அடிக்க வேண்டாம். தோள் லேசாக அசைந்தாலே ஒலிக்கும், அதிர்வு தோலிலும் தெரியும். கை கால் வசமில்லாதவருக்கு இதைவிட இசைவான கருவி குறைவு. 1791-ல் மோட்சார்ட் தம் ஜெர்மன் நடனம் ஒன்றில் சறுக்கு வண்டிப் பயணத்துக்காகச் சுருதி சேர்த்த சலங்கைகளை வைத்தார். அது வியன்னா அரண்மனை நடன விருந்துக்காக எழுதியது. அங்கே ஆடியவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள்.