மேசைக்கணினியின் மிகைவெப்பமும் தானியங்கி நிறுத்தமும்

மேசைக்கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் செயலி வரம்பு மீறிச் சூடானால், முன்னறிவிப்பு ஏதுமின்றிக் கணினி தானாகவே நின்றுவிடும். இது வெப்ப நிறுத்தம் எனப்படும். பார்ப்பவருக்குப் பழுதாகத் தோன்றினாலும் இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடே ஆகும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரத்தில் கோடை வெயில், தூசி, காற்றிலுள்ள வேதிப்பொருள்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து இச்சிக்கலைக் கூர்மையாக்குகின்றன.

தொடக்ககாலக் கணினிகள்

கணினியின் வரலாறு தொடக்கம் முதலே வெப்பத்தோடு நடத்திய போராட்டமாக இருந்துள்ளது. 1946இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை உட்கொண்டது. அவ்வளவும் இறுதியில் வெப்பமாகவே வெளிவந்ததால் பெரிய காற்றூதிகள் பொருத்தப்பட்டன. சூடு வரம்பைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்பநிலைக் கட்டுப்படுத்திகளும் அதில் இருந்தன. ஆகவே, வெப்பத்தால் தானே நின்றுகொள்ளும் வழக்கம் மின்னணுக் கணினியின் வயதை ஒத்தது.

இந்தியாவுக்கு வந்த பெருங்கணினிகளும் குளிரூட்டப்பட்ட அறைகளிலேயே வைக்கப்பட்டன. 1963இல் கான்பூர் ஐஐடியில் ஐபிஎம் 1620, 1973இல் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 ஆகியவை நிறுவப்பட்டன. அக்காலத்தில் கணினி இருந்த அறையே அதன் குளிர்விப்பானாக இருந்தது.

மேசைக்கு வந்த வெப்பம்

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிமேசைக் கணினி இந்நிலையை மாற்றியது. அதன் மின்வழங்கியின் திறன் 63.5 வாட் மட்டுமே. மின்வழங்கியில் இருந்த ஒரே விசிறி பெட்டி முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. 1984ஆம் ஆண்டின் கணினிக் கொள்கைக்குப் பிறகு இந்தியாவில் கணினி விலை குறைந்து, குளிர்சாதனம் இல்லாத அலுவலகங்களுக்கும் கணினிகள் பரவின.

செயலிகளின் வேகம் கூடக் கூட வெப்பமும் கூடியது. 1990களின் தொடக்கத்தில் 486 வகைச் செயலிகளின் மேல் ஹீட் சிங்க் எனப்படும் உலோகத் தகட்டு அடுக்கு பொருத்தும் வழக்கம் பரவியது. 1993இல் வந்த பென்டியம் செயலிக்கு அதனுடன் விசிறியும் தேவைப்பட்டது. அன்று முதல் அச்சிறு விசிறியின் நலமே கணினியின் நலமாயிற்று.

தன்னைக் காத்துக்கொள்ளும் செயலி

1995இல் வெளிவந்த பென்டியம் புரோ செயலியில், ஆபத்தான சூட்டை உணர்ந்து இயக்கத்தை நிறுத்தும் ஏற்பாடு சில்லுக்குள்ளேயே அமைந்தது. 2000இல் வந்த பென்டியம் 4 இன்னும் ஒருபடி முன்னே சென்றது. சூடு ஏறும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் பயனளிக்காவிட்டால் மட்டுமே நிற்கும்.

இந்த வேறுபாட்டின் பொருளை 2001ஆம் ஆண்டு டாம்ஸ் ஹார்டுவேர் இதழ் செய்துகாட்டிய சோதனை உலகறியச் செய்தது. இயங்கும் கணினிகளிலிருந்து ஹீட் சிங்க் அகற்றப்பட்டது. பென்டியம் 4 வேகம் குறைந்தாலும் தொடர்ந்து இயங்கியது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்துக்கொண்டது. ஏஎம்டி அத்லான் செயலிகள் சில நொடிகளில் கருகின. பின்னர் ஏஎம்டி நிறுவனமும் தன் அத்லான் 64 செயலிகளில் இத்தகைய பாதுகாப்பைச் சேர்த்தது.

2004இல் வந்த பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4 செயலிகளில் சில 100 வாட்டையும் தாண்டின. அதே ஆண்டு இன்டெல் தன் அடுத்த அதிவேகத் திட்டமான தேஜாஸைக் கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டுவோ வகைகளில் பெரும்பாலானவை 65 வாட் அளவுக்கு இறங்கின. வேகப் போட்டிக்கு எல்லை வகுத்தது வெப்பமே.

தோல் தொழில் வட்டாரத்தின் சூழல்

வேலூரை 'வெயிலூர்' என்று மக்கள் வேடிக்கையாக அழைப்பதுண்டு. கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது இங்குப் புதிதன்று. ஒரு செயலி, சுற்றியுள்ள காற்றைவிட 45 பாகை கூடுதலாகச் சூடாவதாகக் கொள்க. 25 பாகை உள்ள அறையில் அது 70 பாகையில் இயங்கும். 42 பாகை உள்ள அறையில் 87 பாகையை எட்டும். தூசி அடைத்து அந்த 45 என்பது 60 ஆனால், 102 பாகை வந்துவிடும். இன்றைய பல செயலிகளில் 100 பாகையை ஒட்டியே வேகக் குறைப்பு தொடங்குகிறது. மார்கழியில் ஒழுங்காக ஓடிய கணினி சித்திரையில் நிற்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, தூசி. தோலைத் தேய்த்து மென்மையாக்கும் பணியில் நுண்ணிய நார்த்தூள் பறக்கிறது. அது ஹீட் சிங்க் இடுக்குகளில் படிந்தால் கம்பளிபோல் காற்றைத் தடுக்கும். குரோம் பதனிட்ட தோலின் தூளில் குரோமியம் இருப்பதால், அதைத் துடைப்பவர் முகக்கவசம் அணிவது இன்றியமையாதது.

மூன்றாவது, காற்று. மயிர் நீக்கும் சுண்ணாம்பு ஊறலில் சேர்க்கப்படும் சோடியம் சல்பைடு, அமிலத்தோடு கலக்க நேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். இவ்வாயு தாமிரத்தையும் வெள்ளியையும் அரிக்கும். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்துக்குத் தடை விதித்த பின், வெள்ளிப் பூச்சுள்ள மின்சுற்றுப் பலகைகளில் கந்தக அரிப்பு உலகின் பல தொழிற்பகுதிகளில் கவனத்துக்கு வந்தது. அரிப்பால் வரும் கோளாறும் திடீர் நிறுத்தமாகவே வெளிப்படலாம்.

2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு நான்காவது காரணத்தையும் சேர்த்தது. யுபிஎஸ் கணினியை ஓட்டும். அறையின் மின்விசிறியும் குளிர்சாதனமும் நின்றிருக்கும். எனவே கணினி தன் வெப்பத்திலேயே தான் வெந்தது.

காரணத்தைக் கண்டறிதல்

முதல் வேலை, முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுப்பது. பின்னர் நிறுத்தத்தின் போக்கைக் கவனிக்க வேண்டும். பளு மிக்க வேலையில் சில நிமிடங்கள் கழித்து நின்று, உடனே இயக்கினால் விரைவாகவும், ஆறவிட்டு இயக்கினால் தாமதமாகவும் நின்றால் அது பெரும்பாலும் வெப்பமே. குளிர்ந்த நிலையிலும் நின்றால் மின்வழங்கியையோ தாய்ப்பலகையையோ ஐயுறலாம். 2000களின் முற்பகுதியில் வந்த பல தாய்ப்பலகைகளில் மின்தேக்கிகள் உப்பி வெடித்தது உலகளாவிய சிக்கலாக இருந்தது.

பயாஸ் திரையில் செயலியின் வெப்பநிலையைப் பார்க்கலாம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வெளியே ஒரு மேசை விசிறியை வைத்தும் சோதிக்கலாம். நிறுத்தம் மறைந்தால் காற்றோட்டமே குறை. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னரே தூசி நீக்க வேண்டும். காற்று ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் மிகை வேகத்தில் சுழன்று அதன் தாங்கி கெடும். உலர்ந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் பட்டாணி அளவு புதிதாக இட்டால் போதும். 2004க்குப் பிந்தைய பல இன்டெல் குளிர்விப்பான்களை நான்கு நெகிழி முளைகளே பிடித்திருப்பதால், அவற்றுள் ஒன்று தளர்ந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

முக்கியத்துவம்

ஏற்றுமதிப் பட்டியல், காலணி வடிவமைப்பு, ஊதியக் கணக்கு, மாணவரின் செய்முறைத் திட்டம் என இவ்வட்டாரத்தின் அன்றாட உழைப்பு மேசைக்கணினிகளில் சேமிக்கப்படுகிறது. வெப்ப நிறுத்தம் செயலியைக் காப்பாற்றும். சேமிக்காத வேலையைக் காப்பாற்றாது. கணினி திரும்பத் திரும்ப நிற்கும்போது மீண்டும் மீண்டும் அதை இயக்குவது, அது தரும் எச்சரிக்கையைப் புறக்கணிப்பதாகும். கோடை தொடங்குமுன் ஒருமுறை பெட்டியைத் திறந்து தூசி நீக்குவதே மிக எளிய தடுப்புமுறையாகும்.