நாக்கில் சீழ் கட்டினால்

நாக்கில் புண் வராதவர் இல்லை. ஆனால் சீழ்க்கட்டி வருவது மிக அபூர்வம். நாக்கில் இரத்த ஓட்டம் அதிகம். உமிழ்நீர் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கிறது. நாக்கும் சும்மா இருக்கும் உறுப்பல்ல. மீன்முள் ஆழமாகக் குத்தினாலோ, பல்பட்ட காயத்தில் கிருமி புகுந்தாலோ, சொத்தைப்பல்லிலிருந்து பரவினாலோதான் உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும்.

நுனிநாக்கில் கட்டி இருந்தால் கண்ணாடியில் நாமே பார்த்துவிடலாம். அடிநாக்கில் என்றால் வெளியே ஒன்றும் தெரியாது. எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். வீக்கம் பின்னால் சாய்ந்து மூச்சுக்குழாயை அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு நெருங்கிய உறவான ஒரு நோயை 1836இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து வைத்தியர் லுட்விக் விவரித்தார். தாடைக்குக் கீழே கழுத்து மரக்கட்டைபோல் இறுகும். நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும். சில நாட்களில் மரணம். இன்றும் அதன் பெயர் லுட்விக் ஆஞ்சைனா. ஆஞ்சைனா என்றதும் நம்மவர்களுக்கு நெஞ்சுவலிதான் நினைவுக்கு வரும். என்னைப்போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்கோ 'ஆன்ழின்' என்றால் தொண்டை நோய். நெஞ்சுவலியைச் சொல்ல 'த புவாத்ரின்' என்று கூடச் சேர்க்க வேண்டும். லத்தீன் வேர்ச்சொல்லுக்கு நெரித்தல் என்று பொருள். நோயாளி எதனால் சாகிறார் என்பது பெயரிலேயே இருந்தது. ஆனால் நஞ்சு உடலெங்கும் பரவித்தான் சாகிறார் என்றே வைத்தியர்கள் பலர் நெடுங்காலம் எண்ணினார்கள்.

இத்தனைக்கும் அதற்கு வேண்டிய கருவிகள் ஏற்கெனவே இருந்தன. பிரான்சில் தூர் நகரத்து பிரெத்தோனோ 1825இலேயே, தொண்டை அடைப்பானால் மூச்சுத் திணறிய ஒரு சிறுமிக்குக் கழுத்தில் துளையிட்டு உயிர் காத்தார். சீழை வடிக்க ரப்பர் குழாய் வைக்கும் முறையைப் பற்றி பாரிஸ் அறுவை வைத்தியர் ஷசேஞ்ஞாக் 1859இல் பெரிய நூலே எழுதினார். இருந்தும், பென்சிலின் வரும் முன் லுட்விக் நோய் கண்டவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள்.

அடிநாக்கில் ஒளிந்திருக்கும் கட்டியைக் கண்டுபிடிப்பது அதற்குப் பிறகும் சுலபமாக இல்லை. 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படமெடுத்தது. அந்த வழியில்தான் கத்தி வைக்காமலே உள்ளே பார்க்க முடிந்தது. இன்று ஸ்கேன் எடுத்து, சந்தேகம் இருந்தால் ஊசி குத்தி இழுத்துப் பார்க்கிறார்கள். சீழ் வந்தால் கட்டி, வராவிட்டால் வெறும் வீக்கமா புற்றா என்று மேலே தேடுகிறார்கள். சிகிச்சையில் முதல் கவனம் மூச்சுக்கு. பிறகு கீறிச் சீழை எடுப்பது. கூடவே நரம்பில் மருந்து.

சர்க்கரை உள்ளவர்கள், எச்சில் விழுங்க முடியாத அளவுக்கு நாக்கு வீங்கினால் கைவைத்தியத்தில் ஒரு இரவைக் கூடக் கழிக்க வேண்டாம். கீறிய காயத்துக்குப் பயப்படவும் வேண்டாம். நாக்கின் அந்த இரத்த ஓட்டத்தால் அது சீக்கிரமே ஆறிவிடும்.