கவனக் கடமை

கவனக் கடமை என்பது, தம் செயலாலோ செய்யத் தவறியதாலோ பிறருக்குக் காயம் நேரக்கூடும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிகிற ஒருவர், நியாயமான எச்சரிக்கையுடன் நடந்துகொள்ள வேண்டிய சட்டக் கடமை. இழப்பீடு கோருபவர், எதிர்த்தரப்புக்கு இக்கடமை இருந்தது, அது மீறப்பட்டது, காயம் அதனால்தான் நேர்ந்தது என்ற மூன்றையும் நிறுவ வேண்டும். இந்தியாவில் இத்துறை பெரிதும் தீர்ப்புகளால் வளர்ந்தது. அதற்கு அடித்தளம் 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அளித்த டானஹியூ எதிர் ஸ்டீவன்சன் தீர்ப்பு.

கடமை இருந்ததா என்ற முதல் கேள்வியிலேயே பல வழக்குகள் தோற்கின்றன. 1951இல் டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்தது. அதன் வயது ஏறக்குறைய 80. அவ்வகைக் கட்டடம் தாங்கும் காலமோ 40 முதல் 45 ஆண்டுகள். சாந்து பிடிப்பிழந்திருந்தது. சாலையோரக் கட்டடத்தைப் பராமரிப்பது மாநகராட்சியின் கடமை என்று 1966இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் ராஜ்கோட்டில் அலுவலகத்துக்கு நடந்து சென்றவர்மீது சாலையோர மரம் விழுந்த வழக்கில், 1997இல் அதே நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்க மறுத்தது. மரம் ஒவ்வொன்றையும் ஓயாமல் சோதிக்க இயலாது என்பது அதன் காரணங்களில் ஒன்று. கூண்டுக்கு ஒரு நீதி, மரத்துக்கு ஒரு நீதியா என்ற ஐயத்தை அத்தீர்ப்பு முழுமையாகத் தீர்க்கவில்லை.

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊரில் மின்கம்பி அறுந்து ஒருவர் பாதிக்கப்பட்டால், சட்டம் இன்னும் கடுமையாகும். சைல் குமாரி வழக்கில் (2002), யாரோ கொக்கி போட்டு மின்சாரம் திருடியதால் கம்பி சாலையில் கிடந்தது என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் வாதிட்டது. ஆபத்தான பொருளைக் கையாள்பவருக்குக் கவனக்குறைவு நிரூபிக்கப்படாமலே பொறுப்புண்டு என்று உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கியது. தமிழகத்தின் தென்மாவட்டத்தினர் இத்தகைய வழக்குகளில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவதுண்டு. உண்மைகள் குறித்துத் தகராறு இருந்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லப்படலாம்.

சாலை விபத்தில் ஓட்டுநருக்குக் கடமை உண்டா என்று எவரும் வாதிடுவதில்லை. முதல் தகவல் அறிக்கையின் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற வழக்கமான வரி கடமை மீறலைத்தான் குறிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 166ஆம் பிரிவுப்படி, விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும் மனுதாரர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். காயம்பட்டவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தால், அந்த விகிதத்துக்கு ஏற்ப இழப்பீடு குறையும்.