எட்டாயிரம் டன்: காலனி வகுப்புக் குரூசர்களின் நிர்மாணம்

திண்டிவனம், விழுப்புரம் சந்தைகளுக்கு மணிலா மூட்டை ஏற்றிவரும் வண்டிக்காரர், பாரம் எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது எவ்வளவு உயரத்தில் அமர்கிறது என்பதற்கே அஞ்சுவர். வண்டியின் அகலம் மாறாதிருக்க, மூட்டைமேல் மூட்டை ஏறுமாயின் முதற்பள்ளத்திலேயே குடைசாயும் என்பது அவர்களுக்கு அனுபவ சித்தமானது. யுத்தக் கப்பல் நிர்மாணத்திலும் இதுவே பிரமாணம். பிற்காலத்தில் 'மைசூர்' என்னும் நாமத்தோடு நமது கொடியை ஏற்ற குரூசரின் சரித்திரம் இதற்கோர் உதாரணம்.

1936 மார்ச் 25 அன்று கையொப்பமான இரண்டாம் லண்டன் கடற்படை உடன்படிக்கை, புதிய குரூசரின் நியமப் பாரம் 8,000 டன்னுக்கு மேற்படலாகாது என விதித்தது. அதற்கு முற்பட்ட சௌதாம்ப்டன் முதலிய கப்பல்கள் 9,100 டன் அளவின. எனினும் பிரிட்டிஷ் கடற்படையார், நான்கு கோபுரங்களில் மும்மூன்றாக அமைந்த பன்னிரண்டு ஆறங்குலப் பீரங்கிகளில் ஒன்றையேனும் இழக்க மனமின்றி, பக்கக் கவசத்தை நாலரை அங்குலத்தினின்று மூன்றரை அங்குல அளவுக்கு மெலித்து, பின்புறத்தை வெட்டிவிட்டாற்போலத் தட்டையாக்கி, 62 அடி அகலத்துக்குள் அனைத்தையும் அடக்கினர். சாமர்த்தியமான வேலைதான், ஆனால் பிற்காலத் தேவைக்கென்று ஒதுக்கிய இடம் அதில் மிகச் சொற்பம்.

யுத்தம் மூண்டதும் உடன்படிக்கை வெறும் காகிதமாயிற்று. ஆயினும் தோணி கட்டுவோர் 'ஏரா' என்று வழங்கும் அடிமரம் முன்னரே இடப்பட்டுவிட்டமையால், காகிதத்தில் மாய்ந்த அந்த எண் எஃகில் உயிரோடிருந்தது. இவ்வாறு கட்டப்பட்ட காலனி வகுப்பின் முதற்கப்பலான 'பிஜி', 1941 மே 22 அன்று கிரீட் தீவருகே விமானக் குண்டுகளால் அழிந்தது. ஆகாயத்தினின்று வரும் ஆபத்துக்கு மேன்மேலும் பீரங்கிகள், ரேடார் கருவிகள், அவற்றை இயக்க மாலுமிகள் என யாவும் ஏற்றப்பட்டன. பெரும்பாலும் தளத்திற்கு மேலே!

டைன் நதிக்கரையில் 1938 பிப்ரவரியில் தொடங்கிய, பின்னாளில் 'மைசூர்' ஆகவிருந்த 'நைஜீரியா' 1940 செப்டம்பரில் சேவைக்கு வந்தது. கிளாஸ்கோ நகரின் கோவன் துறையில் 1939 ஏப்ரலில் தொடங்கிய 'சிலோன்' 1943 ஜூலை வரை காத்திருந்தது. அத்தாமதத்தின் பயனாக, சிலோனும் அதன் தோழர்களான உகாண்டா, நியூபவுண்ட்லாந்து ஆகியவையும் மூன்று கோபுரங்களோடே பிறந்தன. நான்காவது கோபுரம் நீங்கியதை யுத்தகாலத் தேவையாகவே கருதுவது வழக்கம். அது அர்த்த சத்தியமே என்பது என் துணிபு. நீக்கப்பட்டது, பின்பக்கத்து இரு கோபுரங்களுள் மற்றொன்றின் தலைக்குமேல் நின்ற மேற்கோபுரம். உயரத்திலிருந்த மூட்டையை இறக்கியதற்கு ஒப்பாகும். யுத்தம் கேட்டது விமான எதிர்ப்பு ஆயுதங்களை. அவற்றுக்கு விலையாக ஒரு கோபுரத்தையே கொடுக்கும்படி நேர்ந்தது 1936இல் விதித்த வரம்பினால். அகலம் சில அடி கூடியிருந்தால் இத்தியாகத்தைத் தவிர்த்திருக்கவுங்கூடும்.

1944 ஏப்ரலில் நைஜீரியாவும் சிலோனும், நம் சோழமண்டலக் கரைக்குத் தெற்கே திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, சுமத்திராவருகே ஜப்பானியர் வசமிருந்த சபாங் துறைமுகத்தின் மீதான தாக்குதலில் ஒருங்கே கலந்துகொண்டன. 1914இல் ஒரேயொரு இரவு சென்னையைச் சுட்டுச் சென்ற ஜெர்மானியக் குரூசர் 'எம்டன்' தமிழில் ஒரு சொல்லாகவே குடியேறிவிட்டது. இந்நாடு பணங்கொடுத்து வாங்கிய கப்பலுக்கு அப்பேறு கிட்டாமற்போனது விசித்திரமே.

1954இல் விற்கப்பட்ட நைஜீரியா, பர்க்கன்ஹெட் துறையில் புதுப்பிக்கப்பெற்று, 1957 ஆகஸ்ட் 29 அன்று 'மைசூர்' ஆயிற்று. 1971 யுத்தத்தில் மேற்குக் கப்பற்படையின் தலைமைக் கப்பலாகவும் விளங்கிற்று. பன்னிரண்டு பீரங்கிகளோடு பிறந்த அது, நம்மிடம் வந்தபோது ஏந்தியிருந்தவை ஒன்பதே.