றோல்ஸ் றோய்ஸ்: ஒரு பெயரின் வரலாறு

ஒரு தொழிற்சாலையில் உருவாகும் பொருளின் பெயர் நாளடைவில் அப்பொருளைக் கடந்து, எத்துறையிலும் தலைசிறந்ததைச் சுட்டும் சொல்லாக வழங்கத் தொடங்குதல் அரிதாகவே நிகழும். 'றோல்ஸ் றோய்ஸ்' என்பது அத்தகைய பெயர்களுள் ஒன்று. அவ்வண்டியை வாழ்நாளில் ஒரு முறையேனும் கண்ணாற் காணாதவரும் அதன் பெயரை அறிவர். செல்வத்துக்கும் அரச போகத்துக்கும் அதனை ஓர் அறிகுறியாகக் கருதுவர். ஆயின் அப்பெயர் எவ்வாறு பிறந்தது, எதனால் வளர்ந்தது, எப்போது தளர்ந்தது என்று ஆராயப் புகுவோமாயின், செல்வத்தின் கதையினும் உழைப்பின் கதையே அங்கு மிகுந்திருத்தலைக் காண்போம். புகழ் விலைகொடுத்துப் பெறக்கூடியதா, அன்றிச் செய்யும் தொழிலின் செம்மையால் மட்டுமே ஈட்டப்படுவதா என்னும் வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை சிந்திக்கத்தக்கது.

அரசரும் பிரபுக்களும் ஏறிச்சென்ற இவ்வண்டியை முதன்முதற் படைத்தவர் வறுமையில் வாடிய ஒரு சிறுவன் என்பது பலரும் அறியாத செய்தி. ஹென்றி றோய்ஸ் 1863ஆம் ஆண்டு இங்கிலாந்திலே, பீற்றர்பரோ நகருக்கு அணித்தான ஒரு கிராமத்திற் பிறந்தார். தந்தையார் மா அரைக்கும் ஆலை நடத்தி நொடித்துப்போனவர். 1872இல் அவர் இறந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தெருவிற் பத்திரிகை விற்றும், வீடு வீடாகத் தந்தி கொண்டு சென்றும் அச்சிறுவன் வயிறு வளர்த்தான். பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே வாய்த்தது. உறவினளான ஓர் அம்மையாரின் பொருளுதவியினாற் புகையிரதத் தொழிற்சாலையொன்றிலே தொழில் பயிலச் சேர்ந்தும், பணம் முட்டுப்பட்டமையால் அப்பயிற்சியும் இடையில் நின்றது. எனினும் மின்னியலையும் இயந்திரவியலையும் தாமே முயன்று கற்றார். 1884இல் மன்செஸ்ரர் நகரில் ஏர்னெஸ்ற் கிளெயர்மொன்ற் என்பாருடன் கூட்டாக ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். விளக்குச் சாதனங்கள், மின்மணிகள், மின்பிறப்பாக்கிகள், பாரந்தூக்கிகள் முதலியன அங்கே செய்யப்பட்டன. பிற்காலத்தில் விலை மலிந்த அந்நிய நாட்டுப் பாரந்தூக்கிகள் சந்தையிற் போட்டியிட வந்தபோதும், தம் பொருளின் தரத்தைக் குறைத்து விலையைக் குறைக்க றோய்ஸ் உடன்படவில்லை.

இக்காலத்தில் அவர் பிரான்சு நாட்டில் உருவான மோட்டார் வண்டியொன்றை வாங்கினார். அதன் ஓசையும் நடுக்கமும் நம்பகமின்மையும் அவருக்கு உவப்பாக இல்லை. வேறொருவராயின் வண்டியை விற்றுவிட்டு வேறொன்றை வாங்கியிருப்பர். றோய்சோ அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்தாராய்ந்து, ஒவ்வொரு பகுதியையும் எவ்வாறு திருத்தமாகச் செய்யலாம் எனச் சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாக 10 குதிரைவலுவும் இரண்டு உருளைகளும் உடைய வண்டியொன்று 1904ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் முதலாந் திகதி மன்செஸ்ரர் வீதியில் ஓடியது. புதுமையான தத்துவம் எதனையும் அவ்வண்டி உலகுக்கு அளித்ததாகக் கூறுவதற்கில்லை. பிறர் கண்டவற்றைப் பிறர் செய்யாத செம்மையுடன் செய்தமையே அதன் சிறப்பாகும்.

சார்ள்ஸ் றோல்சின் பிறப்பும் வளர்ப்பும் இதற்கு முற்றும் மாறானவை. அவர் ஒரு பிரபுவின் மைந்தர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். மோட்டார் வண்டி, ஆகாயக் கூண்டு, விமானம் என வேகமும் ஆபத்தும் உள்ள அனைத்திலும் ஈடுபாடு கொண்டவர். இலண்டனில் அவர் நடத்திய வியாபார நிலையத்தில் அந்நிய நாட்டு வண்டிகளே விற்பனையாயின. தம் நாட்டிலே சிறந்ததொரு வண்டி உருவாகவில்லையே என்னுங் குறை அவருக்கு இருந்தது. 1904 மே 4ஆந் திகதி மன்செஸ்ரரிலுள்ள மிட்லன்ட் விடுதியில் இருவரும் சந்தித்தனர். இரண்டு உருளை வண்டியில் முன்னர் நம்பிக்கை இல்லாதிருந்த றோல்ஸ், றோய்சின் வண்டியில் ஏறிச் சென்றபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். றோய்ஸ் செய்யும் வண்டிகள் அனைத்தையும் தாமே விற்பதென அவர் உடன்பட, இருவர் பெயரும் இணைந்து வண்டிப் பெயராயிற்று. 1906 மார்ச்சு மாதத்தில் கொம்பனி முறையாக நிறுவப்பட்டது.

இவ்விருவரையும் இணைத்து நின்ற மூன்றாமவர் குளோட் ஜோன்சன். பெயரில் இடம்பெறாத அவரை, இரு பெயர்களுக்கும் நடுவே உள்ள சிறு கோடு என்று ஆங்கிலத்திற் கூறுவர். வண்டியின் தரத்தை உலகறியச் செய்யும் வழியை வகுத்தவர் அவரே. 'உலகின் தலைசிறந்த வண்டி' என்று கொம்பனியார் தாமே விளம்பரஞ் செய்துகொண்டனர். தம்மைத் தாமே புகழ்ந்துரைத்தல் எளிது. பிறர் முன்னிலையில் அதனை மெய்ப்பித்தல் எளிதன்று. அதனை மெய்ப்பிக்கவும் ஜோன்சன் துணிந்தார்.

ஆறு உருளைகளைக் கொண்ட '40/50' என்னும் வண்டி 1906இல் வெளிவந்தது. அவ்வகையைச் சேர்ந்த ஒரு வண்டிக்கு வெள்ளிநிறம் பூசி, ஓசையின்றி ஓடும் அதன் இயல்பு நோக்கிச் 'சில்வர் கோஸ்ற்', அதாவது வெள்ளி ஆவி, என்று பெயரிட்டனர். 1907ஆம் ஆண்டு அவ்வண்டி இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே, ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக, இரவும் பகலும் ஓட்டப்பட்டது. 629ஆவது மைலிற் பெற்றோல் செல்லும் குழாயின் திருகு அதிர்ச்சியினால் தானே மூடிக்கொள்ள, வண்டி ஒரு நிமிடமளவில் நின்றது. அதன்பின் 14,371 மைல் தூரம் எவ்விதப் பழுதினாலும் நில்லாது ஓடி, 15,000 மைலை நிறைவுசெய்தது. அக்காலத்து வீதிகளின் நிலையையும், சில மைல் ஓடுமுன்னரே பழுதுற்று நிற்கும் வண்டிகளின் மிகுதியையும் எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் அருமை புலனாகும்.

அதனினும் வியத்தற்குரியது அதன்பின் நிகழ்ந்த பரிசோதனை. மோட்டார்ச் சங்கத்தார் வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றி, தேய்வை அளந்து நோக்கினர். எஞ்சினின் முக்கிய பகுதிகளில் அளந்து கூறத்தக்க தேய்வு காணப்படவில்லை. வண்டியைப் புதியதுபோல் ஆக்குவதற்கு வேண்டிய உறுப்புகளின் விலை 2 பவுண் 2 சிலிங் 7 பென்ஸ் மட்டுமே என மதிப்பிட்டனர். றோல்ஸ் றோய்சின் புகழுக்கு அடித்தளமாக அமைந்தது இக்கணக்கேயாகும். செல்வர்களின் பாராட்டினும், தேய்வை அளந்தவர்களின் அறிக்கை உறுதியான சான்றன்றோ? 1926 வரை இவ்வகையில் 7,874 வண்டிகள் செய்யப்பட்டன. கொம்பனியார் இயந்திரமும் அடித்தளமும் மட்டுமே செய்து விற்றனர். மேற்கூட்டை வாங்குவோர் தத்தம் விருப்பப்படி வேறு கைவினைஞரைக் கொண்டு அமைத்துக்கொண்டனர். எனவே அரசர்கள் விரும்பிய அலங்காரமெல்லாம் பிறர் கைவேலை. றோய்சின் கைவேலை கண்ணுக்குப் புலப்படாத உள்ளுறுப்புகளிலேயே இருந்தது.

தோல்வியும் அவர்களுக்கு ஆசானாயிற்று. 1912இல் அல்ப்ஸ் மலைப்பகுதியில் நடைபெற்ற போட்டியில், செங்குத்தான கணவாயொன்றில் ஏறமாட்டாது ஒரு றோல்ஸ் றோய்ஸ் வண்டி நின்றுவிட்டது. கொம்பனியார் சாக்குப்போக்குக் கூறாது, மூன்றாக இருந்த பற்சக்கர நிலைகளை நான்காக்கி, மறு ஆண்டு அதே மலைக்குச் சென்று பெருவெற்றி ஈட்டினர்.

இதற்கிடையில் றோல்ஸ் விமானத்தில் நாட்டங்கொண்டார். 1910 யூன் மாதத்தில் ஆங்கிலக் கால்வாயை இடையிறங்காது பறந்து கடந்து மீண்ட முதல் மனிதர் என்னும் புகழ் அவரை அடைந்தது. மறுமாதமே போர்ன்மத் நகரில் அவருடைய விமானம் முறிந்து வீழ, 32ஆம் வயதில் உயிர்நீத்தார். றோய்சோ ஓய்வும் உணவும் மறந்து உழைத்தமையால் உடல்நலங் குன்றி, 1911இல் மரணத்தின் வாயிலுக்குச் சென்று மீண்டார். அதன்பின் டார்பி நகரத் தொழிற்சாலையை விட்டு நீங்கி, தென் பிரான்சிலும் இங்கிலாந்தின் தென் கரையிலும் வசித்துக்கொண்டு, வரைபடங்களையும் குறிப்புகளையும் அனுப்பியே தொழிலை நடத்தினார். வண்டியின் முகப்பை அணிசெய்யும் பறக்கும் நங்கையின் சிற்பத்தைச் சார்ள்ஸ் சைக்ஸ் என்னும் சிற்பி வடித்ததும் அவ்வாண்டிலேயாம்.

முதல் உலகப்போரிற் பிறந்த 'ஈகிள்' என்னும் விமான எஞ்சின் இரண்டின் வலுவினாலேயே, 1919இல் அல்கொக், பிறவுண் என்னும் இருவர் அத்திலாந்திக் சமுத்திரத்தை இடைநில்லாது முதன்முதற் பறந்து கடந்தனர். றோய்ஸ் 1933இல் காலமானார். அவர் வளர்த்த பொறியியல் மரபில் உருவான 'மேர்லின்' எஞ்சின் இரண்டாம் உலகப்போரில் ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்களை இயக்கியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுமாக ஏறத்தாழ 150,000 மேர்லின் எஞ்சின்கள் செய்யப்பட்டன. போர் முடிந்தபின் வண்டித் தொழில் 1946 முதல் குறூ நகரில் நடைபெற்றது. 1950இல் தொடங்கிய 'பான்ரம் 4' என்னும் வகையில் 18 வண்டிகளே செய்யப்பட்டன. அரச குடும்பத்தாரும் நாட்டுத் தலைவர்களுமே அவற்றைப் பெற்றனர்.

புகழ் முதிர்ந்தபோது அதனைச் சூழ்ந்து கதைகளும் வளர்ந்தன. இந்திய மகாராசா ஒருவர் தம்மை மதியாத விற்பனையாளர்மீது சினங்கொண்டு, வாங்கிய வண்டிகளைக் குப்பை அள்ளப் பயன்படுத்தினார் என்பது ஒரு கதை. தொலைதேசத்தில் அச்சு முறிந்த வண்டியை இரகசியமாகத் திருத்திக் கொடுத்துவிட்டு, 'எங்கள் வண்டியின் அச்சு முறிவதில்லை' என்று கொம்பனியார் கூறினர் என்பது மற்றொன்று. இவை உறுதியான ஆதாரமற்றவை. எனினும் இரண்டாவது கதையில் ஓர் எச்சரிக்கை பொதிந்துள்ளது. குறையைக் கண்டு திருத்துதல் 1912இல் இருந்த மனநிலை. குறையே இல்லை என்று சாதித்தல் புகழை நம்பி வாழ்வோரின் மனநிலை. 1958இல் டேவிட் ஓகில்வி எழுதிய விளம்பரம், மணிக்கு 60 மைல் வேகத்திலும் இவ்வண்டியில் மிக உரத்து ஒலிப்பது அதன் மின் மணிக்கூடே எனக் கூறிப் பெரும்புகழ் பெற்றது.

வீழ்ச்சி விமான எஞ்சின் பகுதியிலிருந்து வந்தது. அமெரிக்க லொக்ஹீட் நிறுவனத்தின் விமானத்துக்கென 'ஆர்பி 211' என்னும் எஞ்சினைக் குறித்த விலையிற் செய்து தருவதாகக் கொம்பனியார் 1968இல் ஒப்புக்கொண்டனர். கரிம இழையாலான புதுவகை விசிறி அலகுகளைப் பொருத்துவது அவர்களது திட்டம். பறவை மோதினால் தாங்குமா என்று நிகழ்த்திய சோதனையில் அவ்வலகுகள் சிதறின. தைற்றேனிய உலோகத்துக்கு மாறவேண்டியதாயிற்று. செலவு கட்டுக்கடங்காது பெருகியது. 1971 பெப்ரவரி 4ஆந் திகதி றோல்ஸ் றோய்ஸ் கடனிறுக்க இயலாத நிலையை அடைந்தது. ஓடிக் காட்டியபின் உரிமை கொண்டாடியவர்களின் வழிவந்தோர், சோதனை முடியுமுன் வாக்களித்தமையால் வந்த கேடு இது. அரசாங்கம் விமானப் பகுதியை ஏற்று நடத்தியது. ஓய்வுபெற்றிருந்த பொறியியலாளர் ஸ்ரான்லி ஹூக்கர் மீண்டும் வந்து உழைக்க, அவ்வெஞ்சின் திருத்தம்பெற்று 1972இற் சேவைக்கு வந்தது. மோட்டார்ப் பகுதி 1973இல் தனிக் கொம்பனியாகப் பிரிந்து, 1980இல் விக்கேர்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்தது.

இவ்வரலாற்றின் மிக நூதனமான அதிகாரம் 1998இல் எழுதப்பட்டது. விக்கேர்ஸ் நிறுவனத்தார் மோட்டார்க் கொம்பனியை விற்க முன்வந்தபோது ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் 430 மில்லியன் பவுண் கொடுத்து அதனை வாங்கியது. குறூவிலுள்ள தொழிற்சாலையும் தொழிலாளரும் வரைபடங்களும் முகப்புச் சிற்பத்தின் உரிமையும் அதனைச் சேர்ந்தன. 'றோல்ஸ் றோய்ஸ்' என்னும் பெயரோ அவ்விற்பனையில் அடங்கவில்லை. அது விமான எஞ்சின் செய்யும் கொம்பனியின் உரிமையாக இருந்தது. அக்கொம்பனி பெயரை 40 மில்லியன் பவுணுக்கு மற்றொரு ஜேர்மன் நிறுவனமான பி.எம்.டபிள்யூவுக்கு வழங்கியது. முடிவில் இரு சாராரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். குறூத் தொழிற்சாலை, 1931 முதல் றோல்ஸ் றோய்சுக்குச் சொந்தமாயிருந்த பென்ற்லி வண்டியுடன் வொல்க்ஸ்வாகனிடம் நின்றது. 2003 சனவரி முதல் றோல்ஸ் றோய்ஸ் என்னும் பெயர் பி.எம்.டபிள்யூவினரைச் சேர்ந்தது.

உடலொரு வீட்டிலும் பெயரொரு வீட்டிலுமாகப் பிரிந்த இந்நிகழ்ச்சி, பெயரும் விலைப்பொருளே எனக் காட்டுவதுபோல் முதற்பார்வைக்குத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் உண்மை வேறு. பெயரை வாங்கியவர்கள் அதனை வேறொரு வண்டியில் ஒட்டிவிட்டு அமையவில்லை. குட்வூட் என்னுமிடத்தில் புதிய தொழிற்சாலையை எழுப்பி, புதிய வண்டியை வரைந்து, தொழிலாளரைப் பயிற்றி, பெயருக்கேற்ற பொருளை முதலிலிருந்தே படைக்கவேண்டியவராயினர். விலைகொடுத்து அவர்கள் பெற்றது புகழையன்று. புகழ் விதித்த கடமையையே. அத்தொழிற்சாலை, றோய்ஸ் தம் இறுதி நாட்களைக் கழித்த கிராமத்துக்குச் சில மைல் தொலைவில் அமைந்திருத்தல் ஒரு நல்ல பொருத்தம். 2023இல் அங்கிருந்து முழுவதும் மின்சாரத்தால் இயங்கும் வண்டி வெளிவந்தது. மின்மணி செய்து தொழில் தொடங்கியவரின் பெயர் மீண்டும் மின்சாரத்திடமே வந்து சேர்ந்தது.

றோய்ஸ் 1930இற் பட்டம் பெற்றுப் பெருமகனாராயினார். ஆயினும் தம்மைக் கம்மியர் என்றே கூறிக்கொள்வதில் அவருக்கு மகிழ்ச்சி. எத்துணை எளிய தொழிலாயினும் செம்மையாகச் செய்யப்படுமாயின் அது மேன்மையுடையதே என்னும் கருத்தமைந்த இலத்தீன் வாசகத்தைத் தம் இல்லத்திற் பொறித்து வைத்திருந்தார். தேர்வில் முதன்மை பெற்ற மாணவனின் பெயரும், நெடுநாளாக நற்பெயர் ஈட்டிய கல்விக்கூடத்தின் பெயரும் இவ்வண்டியின் பெயரைப் போன்றனவே. முன்னோர் ஈட்டிய பெயர் நமக்கு உரிமையாக வரலாம்; அதற்கேற்ற செயலை நாமே செய்தல் வேண்டும். வெள்ளிநிற வண்டியைக் கழற்றித் தேய்வை அளந்ததுபோல, உலகம் நம்மையும் ஒருநாள் கழற்றி அளக்கும். அவ்வளவைக்கு அஞ்சாது நிற்பதே புகழென்க.